கமாவில தொடங்கிற இலங்கை

நீங்கள் கேட்டது மேலோட்டமாப் பார்த்தா 'நல்ல கன்வேர்ட்டர் ஒண்டு சொல்லுங்கோ' எண்டதுதான். அப்பாட பழைய சிடில பதினேழு வேர்ட் ஃபைல் கிடக்கு, ஊர்க் கோயிலைப் பற்றியும் ஊராக்களைப் பற்றியும் அவர் 2001ல இருந்து எழுதி வைச்சது, இப்ப உங்கட லப்டொப்ல திறந்தா முழுக்க இங்கிலிஷ் எழுத்தும் செமிகோலனுமா வருது, சிடி பழுதாப் போச்சா, வைரஸா, எதில போட்டா தமிழாகும் எண்டு கேட்டிருக்கிறீங்கள். அதோட வெள்ளவத்தைல விசாரிச்ச பிரிண்டிங் கடைக்காரர் 'பாமினில தாங்கோ' (பாமினி எண்டது பழைய தமிழ் ஃபொண்ட் ஒண்டு) எண்டு சொன்னது ஏன் எண்டும் கேட்டிருக்கிறீங்கள். ஆனா எனக்கு விளங்கினது வேற. அப்பா எழுதினது அப்பிடியே இருக்கா, மாத்தின பிறகும் அது அவர் எழுதினதாவே இருக்குமா, இந்த ரெண்டும்தான் உங்கட கேள்வி. முதலாவதுக்கு மறுமொழி லேசு. ரெண்டாவதுக்குத்தான் இவ்வளவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் கொட்டாஞ்சேனைல 1996ல இருந்து டைப்செட்டிங் செய்யிறன். பாடசாலை மலர், கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், கூடுதலா 31ம் நாள் கல்வெட்டு. (இந்தியாவில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு: கல்வெட்டு எண்டா இஞ்ச செத்தவீட்டு நினைவு மலர், கல்லில வெட்டினதில்லை.) நான் புரோகிராமர் இல்லை, படிச்சதும் கொமர்ஸ். பிழைச்சுப் பிழைச்சுப் பழகினதைத்தான் சொல்லுறன். சிடி கீறல் விழுந்து வாசிக்கவே மாட்டன் எண்டா அதுக்கு நான் ஆளில்லை, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் அந்த வேலை செய்யிற ஆக்களைத்தான் கேக்கோணும். உங்கட ஃபைல் திறக்குது எண்டபடியா அந்தப் பிரச்சினை உங்களுக்கு இல்லை.

முதல்ல உங்கட பயத்தை எடுத்து விடுறன். நீங்கள் கேள்வியோட ரெண்டு வரி ஒட்டியிருந்தீங்கள் எல்லோ. முதல் வரி ஒரு கமாவில தொடங்குது, பிறகு வை, கியூ, ஒரு செமிகோலன், ஐ, எஃப். பார்க்கிற ஆளுக்கு அது குப்பை. எனக்கு அது 'இலங்கை'. பாமினில கமாக் கீதான் 'இ'. வை எண்டது 'ல', கியூ 'ங', செமிகோலன் புள்ளி, ஐ எண்டது அந்த ரெட்டைச் சுழிக் கொம்பு, எஃப் 'க'. வரிசையா வைச்சா இ, ல, ங், ை, க. உங்கட சிடில வைரஸ் இல்லை, ஃபைல் கரப்ட் ஆகவும் இல்லை, ஒரு எழுத்தும் துலையேல்லை. ஃபொண்ட் மட்டும்தான் இல்லை. கமாவில ஒரு வசனம் தொடங்கி செமிகோலன் மழை மாதிரிக் கொட்டினா அது பாமினி அல்லது பாமினிக் கீபோர்டுக்குச் செய்த வேற ஒரு ஃபொண்ட், இதில எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வேற ஃபொண்டுகளில எது எண்டதை ஃபைலைப் பார்க்காமச் சொல்லேலாது, ஆனா அநேகமான எழுத்துக்கு வித்தியாசமும் இல்லை.

ஏன் இப்பிடி ஒரு கூத்து எண்டு விளங்கினாத்தான் பிறகு நான் சொல்லப்போற பிழைகள் விளங்கும். அந்தக் காலத்துக் கொம்பியூட்டருக்குத் தமிழ் எண்டா என்னெண்டே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது இங்கிலிஷ் எழுத்து மட்டும். அப்ப பாமினி மாதிரி ஃபொண்ட் செய்தவை என்ன செய்தினமெண்டா, இங்கிலிஷ் எழுத்துக்கு உடுப்பு மாத்தி விட்டிச்சினம். ஃபைலுக்குள்ள 'ஜே' எண்டுதான் பதிஞ்சிருக்கும், திரையில 'த' மாதிரித் தெரியும். கே எண்டா 'ம', பி எண்டா விசிறி (இகரத்தின்ட 'ி' குறி), ஓ எண்டா 'ழ'. ஜே, கே, பி, ஓ, செமிகோலன் எண்டு அடிச்சா 'தமிழ்'. என்ட வயசு டைப்செட்டர் ஆரையும் நித்திரையால எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லுவான். ஆக ஃபைல்ல இருந்தது ஒரு நாளும் தமிழ் இல்லை, தமிழின்ட படம். ஃபொண்ட் இருக்குமட்டும் படம் தெரியும், ஃபொண்ட் போனா உடுப்புக் கழண்டு உள்ள இருந்த இங்கிலிஷ் வெளிய வரும். உங்கட லப்டொப்ல நடந்தது அவ்வளவுதான்.

இதை மடத்தனம் எண்டு சொல்லாதேங்கோ, அந்த நேரம் இது பெரிய கெட்டித்தனம். தனியா ஒரு சொஃப்ட்வெயாரும் தேவையில்லை, ஃபொண்டை ஒரு ஃப்ளொப்பில கொண்டு போய் எந்தக் கொம்பியூட்டரிலயும் போட்டா பேஜ்மேக்கர், கோரல், ஃபொட்டோஷொப் எண்டு பக்கம் அமைக்கிற, படம் செய்யிற சொஃப்ட்வெயார் எல்லாத்திலயும் ஓடும். கீபோர்ட் ஒழுங்கும் எங்கட பழைய தமிழ்த் தட்டச்சு ஒழுங்கைக் கிட்டத்தட்ட அப்பிடியே எடுத்தது, அதால கச்சேரில (அரச அலுவலகத்தில) டைப்ரைட்டர் அடிச்ச ஆக்கள் ஒரு கிழமைல மாறிச்சினம். டைப்ரைட்டர்ப் புத்தி எண்டதுக்கு அடையாளம் அந்த ஒற்றைக்கொம்பு ரெட்டைக்கொம்பு விஷயம்: 'கை' எண்டு அடிக்க முதல்ல கொம்பு, பிறகு 'க'. கண் பார்க்கிற ஒழுங்கு. 'கொ' எண்டா கொம்பு, க, அரவு ('ா' குறி) எண்டு மூண்டு தட்டு. யுனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி இலக்கம் குடுக்கிற உலகப் பொதுத் தரம்) இதுக்கு நேர் எதிர், அதில முதல்ல 'க', பிறகுதான் உயிர்க்குறி, வாய் சொல்லுற ஒழுங்கு, கொம்பை இடப்பக்கம் கொண்டு போய் வைக்கிறது ஃபொண்டின்ட வேலை. தமிழுக்கு யுனிகோட்ல 1991ல முதல் பதிப்பிலயே இடம் குடுத்தாச்சு, ஆனா விண்டோஸ் 2000ல லதா ஃபொண்ட் வரும்வரைக்கும் எங்களை மாதிரி ஆக்களுக்கு அது காதில விழுந்த கதை மட்டும்தான். விண்டோஸ் எக்ஸ்பிலயும் செட்டிங்குக்குள்ள போய் ஒரு பெட்டியில சரி போட்டு, சிடியும் போட்டாத்தான் தமிழ் ஒழுங்கா வந்தது. அப்பா 2001ல பாமினில அடிச்சதுக்கு அவரைப் பிழை சொல்லேலாது, அந்த வருஷம் நானும் அதிலதான் அடிச்சுக்கொண்டு இருந்தனான்.

இனி வேலைக்கு வருவம். முதல் காரியம், சிடில இருக்கிறதை அப்பிடியே ரெண்டு இடத்தில கொப்பி எடுங்கோ, ஒண்டு லப்டொப்ல, ஒண்டு பென்டிரைவ்லயோ கூகுள் ட்ரைவ்லயோ. மூலத்தைத் திறந்து பார்த்தாலும் மூடேக்க 'சேவ் பண்ணவா' எண்டு கேட்டா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பிறகு கொப்பி ஒண்டைத் திறந்து குப்பையில கேசரை வைச்சு மேல ஃபொண்ட் பெயர் வாற பெட்டியைப் பாருங்கோ. ஃபொண்ட் உங்களிட்ட இல்லாட்டியும் வேர்ட் பெயரை மறக்காது, பாமினி எண்டு காட்டும். இணையத்தில தேடினா ஃபொண்ட் கிடைக்கும், ஆனா வாறது சின்ன டிடிஎஃப் ஃபைல் ஒண்டா இருக்கோணும், 'இன்ஸ்டோலர்' எண்டு ஏதாவது இறங்கினா உடன அழியுங்கோ, அதில வைரஸ் வந்தாலும் வரும். ஃபொண்டைப் போட்டு வேர்டை மூடித் திறந்தா அப்பாட எழுத்து வந்து நிக்கும். வந்த கையோட ஒவ்வொரு ஃபைலையும் பிடிஎஃப் ஆக்குங்கோ. பிடிஎஃப்க்குள்ள ஃபொண்டும் சேர்ந்து போகும், அதால அது அப்பா பார்த்த பக்கத்தின்ட ஃபொட்டோ மாதிரி. இனி என்ன பிழை நடந்தாலும் திரும்பி வந்து ஒப்பிட்டுப் பார்க்க உங்களிட்ட ஒரு சாட்சி இருக்கும். கனபேர் இதைச் செய்யாம நேரா கன்வேர்ட்டருக்கு ஓடிப்போட்டுப் பிறகு வந்து தலையைச் சொறியினம்.

பாமினியை யுனிகோடா மாத்திற கன்வேர்ட்டர் எண்டு பார்த்தா சுரதாவின்ட பொங்குதமிழ், என்எச்எம் கன்வேர்ட்டர், ரெண்டும் கனகாலமா ஆக்கள் பாவிக்கிறது, ரெண்டும் காசில்லாதது. எதில போட்டாலும் நூற்றுக்குப் பெரும்பங்கு சரியா வரும். பிரச்சினை மிச்சத்தில. குப்பையா இங்கிலிஷ் எழுத்துத் தெரியிற பிழைக்குப் பயப்படத் தேவையில்லை, அது தன்னைத் தானே காட்டிக் குடுக்கும். மாத்தின பிறகு நல்ல தமிழ் மாதிரி உடுத்திக்கொண்டு உள்ள இருக்கிற பிழைதான் ஆபத்து, அதுகள் நாலைஞ்சு விதம், எல்லாம் நான் ப்ரூஃப்ல பிடிச்சும் இருக்கிறன், அச்சடிச்ச பிறகு பார்த்து நெஞ்சு இடிஞ்சும் இருக்கிறன்.

முதலாவது ஔகாரம். பாமினில 'கௌ' எண்டு அடிக்க கொம்பு, க, 'ள' எண்டு மூண்டு தட்டு, அந்தக் கடைசி 'ள'வும் நிசமான 'ள'வும் ஒரே கீ. அப்ப மெசினுக்கு எப்பிடித் தெரியும் இது வௌவாலின்ட 'வௌ'வா, வெள்ளத்தின்ட 'வெ'யும் 'ள்'ளுமா எண்டு? தெரியாது. யோசிக்காத கன்வேர்ட்டர் எல்லாத்தையும் 'வௌ' ஆக்கிப்போடும். எங்கட செய்தித் தளங்களில 'வௌியீடு', 'வௌிநாடு', 'வௌ்ளவத்தை' எண்டு விசித்திரமா வாறதைப் பார்த்திருப்பீங்கள், சிலவேளை 'ௌ'க்கு மேல புள்ளி நிக்கும், சிலவேளை நடுவில புள்ளி வட்டம் ஒண்டு வரும், ஃபோனுக்கு ஃபோன் மாறும். அது செய்தி எழுதினவர் எழுத்துப்பிழை விட்டதில்லை, பாமினில அடிச்சு மாத்தினதின்ட தழும்பு. வெள்ளவத்தைல இருந்துகொண்டு வெள்ளவத்தையை கூகுள்ல தேடினா அந்தச் செய்தி வராமப் போகலாம், ஏனெண்டா மெசினுக்கு அது வேற ஊர். இதுக்கு மற்றப் பக்கமும் இருக்கு: ஔகாரத்தை மாத்தாமலே விட்டா 'கெளரவம்', 'பெளர்ணமி' எண்டு கொம்பும் ளகரமுமா இருக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

ரெண்டாவது அரவும் ரகரமும். பாமினில 'ரி', 'ர்' அடிக்கேக்க நாங்கள் 'ர' கீயை அடிக்கிறேல்லை, அரவை அடிச்சு அதுக்கு விசிறியோ புள்ளியோ போடுவம். கால் நீண்ட 'ர'வுக்கு மேல புள்ளி வைச்சா வடிவில்லை எண்டு பழகினது. நல்ல கன்வேர்ட்டருக்கு இது தெரியும். தெரியாததில போட்டா 'அவா்கள்', 'தோ்தல்', 'சாி' எண்டு வரும், இப்ப நான் அடிச்ச இந்த மூண்டையும் உத்துப் பாருங்கோ, ரகரம் இல்லை, அரவு. சில ஃபொண்டில பிடிக்கவே ஏலாது. ஆனா இதைப் பிடிக்க ஒரு நிச்சயமான வழி இருக்கு. தமிழ்ல அரவுக்குப் பிறகு புள்ளி ஒரு நாளும் வராது, அரவுக்குப் பிறகு விசிறியும் வராது, 'ௌ'க்குப் பிறகு வேற குறி ஒண்டும் வராது. ஆகவே வேர்ட்ல தேடு பெட்டியில இந்தச் சோடிகளை அடிச்சுத் தேடினா அம்பிட்டதெல்லாம் பிழை, கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம். 'கெள', 'பெள' மாதிரிக் கொம்பு வைச்ச எழுத்துக்குப் பிறகு ஒரு குறியும் இல்லாம வாற 'ள' மட்டும் ஒவ்வொண்டாப் பார்த்துத் திருத்தோணும், அநேகமா ஔகாரமாத்தான் இருக்கும், ஆனா அநேகமா எண்டுதான் சொல்லுவன்.

மூண்டாவது, கலப்பு. அப்பா நடுவில இங்கிலிஷ்ல ஒரு பெயரோ நூலின்ட தலைப்போ போட்டிருந்தா கன்வேர்ட்டர் அதையும் பாமினி எண்டு நினைச்சு வாய்க்கு வராத ஒரு தமிழாக்கிப்போடும். இலக்கம் அப்பிடியே நிக்கும், ஆனா இலக்கத்துக்குள்ள இருக்கிற கமா நிக்காது. ஆயிரத்தைந்நூறு ரூபா எண்டதை வேற ஃபொண்டில கமாப் போட்டு அடிச்சிருந்தா '1இ500' எண்டு வரும். சிரிப்பா இருக்கு, கோயில் கணக்கு எழுதின பக்கத்தில வந்தா சிரிப்பு வராது. அதால ஒரு ஃபைலை ஒரே மூச்சில ஒட்டாதேங்கோ, பந்தி பந்தியா எடுத்து, இங்கிலிஷ் இருக்கிற இடத்தை விட்டுப்போட்டு மாத்துங்கோ. பதினேழு ஃபைல் எண்டா பின்னேரத்தில ஒரு மணித்தியாலப்படி ரெண்டு மூண்டு கிழமை போகும்.

நாலாவதைச் சொல்ல எனக்கு வெக்கம், ஆனாச் சொல்லத்தான் வேணும். வேர்டுக்கு ஒரு பழக்கம், வசனத்தின்ட முதல் எழுத்தையும் டேபிள்ல பெட்டியின்ட முதல் எழுத்தையும் தானாப் பெரிய எழுத்தாக்கும். இங்கிலிஷுக்கு அது உதவி. பாமினில சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. விளங்குது எல்லோ என்ன நடக்குமெண்டு. 2003 இல்லாட்டி 2004, ஒரு கல்வெட்டு வேலை, 31க்கு ரெண்டு நாள்தான் இருக்கு, குடும்ப விபரத்தை டேபிள் போட்டு வேர்ட்ல அடிச்சு அப்பிடியே பேஜ்மேக்கருக்கு எடுத்தனான், இரவு பன்னிரண்டு மணி, ப்ரூஃப் பார்க்க வந்த மூத்த மகனும் அழுதழுது நித்திரையில்லாத மனிசன், ஒருத்தர் கண்ணிலயும் படேல்லை. அடிச்சு வந்த 300 புத்தகத்திலயும் அந்தப் பக்கத்தில மேல இருந்து கீழ 'முனைவி', 'முகன்', 'முகள்', 'முருமக்கள்'. அந்த வீட்டாக்கள் ஒரு சொல்லும் சொல்லேல்லை, மிச்சக் காசையும் கையில தந்திச்சினம், அதுதான் இண்டைக்கும் குத்துது. பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பி அடிச்சு, நானும் பெடியனும் இருந்து 300லயும் கிழிச்சு ஒட்டினம். அதில இருந்து புதுக் கொம்பியூட்டர் எது வந்தாலும் முதல் வேலையா அந்த ஓட்டோகரெக்டை நிப்பாட்டுறன். அப்பா நிப்பாட்டியிருப்பாரோ? ஆசிரியரா இருந்தவர் எண்டு சொல்லுறீங்கள், கொம்பியூட்டர் ஆள் இல்லை, நிப்பாட்டியிருக்க மாட்டார் எண்டுதான் நினைக்கிறன். அப்பிடியெண்டா ஒவ்வொரு பந்தியின்ட முதல் சொல்லையும் சந்தேகத்தோட பாருங்கோ. இதை ஒரு கன்வேர்ட்டரும் பிடிக்காது, ஏனெண்டா 'து'வும் நல்ல எழுத்துத்தானே.

'சட்ஜிபிடியில குடுத்தா ஒரு நிமிசத்தில செய்து தருமாமே' எண்டு உங்களுக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருக்கிறார். செய்யும்தான். நானும் குடுத்துப் பார்த்தனான். எனக்கு அதில இருக்கிற பயம் வேற, அது மாத்திறதோட நிக்காம எழுத்தை 'நல்லாக்கி' விடும். பழைய வீட்டுப் படலையைப் பற்றின ஒரு பந்தி குடுத்தனான், 'சங்கடப்படலை' (கூரை போட்ட வீட்டுப் படலை) எண்டு இருந்ததை 'சங்கடப்பட்டாலும்' எண்டு ஆக்கி, வசனத்தையும் அதுக்கேத்த மாதிரி வளைச்சுத் தந்தது, வாசிக்க ஒரு தடங்கலும் இல்லை, அதுதான் பயங்கரம். கன்வேர்ட்டர் விடுற பிழை மூடத்தனமான பிழை, ஒரே மாதிரி எல்லா இடத்திலயும் விடும், ஒருக்காக் கண்டுபிடிச்சா முழுக்கத் திருத்தலாம். ஏஐ விடுற பிழை ஆளுக்கு ஆள் மாறுற மாதிரி இடத்துக்கு இடம் மாறும். மாத்தி முடிச்ச பிறகு எழுத்துப்பிழை தேட அதைக் கேளுங்கோ, அதுக்கு நல்லம். மாத்திற வேலையைக் குடுக்காதேங்கோ. இது என்ட அபிப்பிராயம், நாளைக்கு வேற ஒண்டு வந்து என்னை மடையனாக்கலாம்.

இனி பிரிண்டிங் கடைக்காரர். அவரைச் சோம்பேறி எண்டு நினைக்காதேங்கோ, அவருக்கு நியாயம் இருக்கு. எங்கட சின்ன அச்சகங்கள் வளர்ந்தது பேஜ்மேக்கர்ல. அதின்ட கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001ல, யுனிகோட் அதுக்குத் தெரியாது, இனித் தெரியப்போறதும் இல்லை. அதுக்குப் பதிலா வந்த இன்டிசைன்லயும் 2012ல சிஎஸ்6 வரும்வரைக்கும் இந்திய மொழி எழுத்துக்கு ஒழுங்கான வழி இல்லை, யுனிகோட் தமிழை ஒட்டினா கொம்பு ஒரு பக்கம் அரவு ஒரு பக்கம் எண்டு சிதறும். இப்பவும் பந்தி செட்டிங்ல வேர்ல்ட்-ரெடி கொம்போசர் எண்டதைத் தெரிவு செய்யாட்டி அதே சிதறல்தான், அது தெரியாம 'யுனிகோட் உடையுது' எண்டு சொல்லுற ஒப்பரேட்டர் இண்டைக்கும் இருக்கினம். அதைவிட, கலியாணக் காட்டுக்கு எண்டு வளைஞ்சு நெளிஞ்ச எழுத்து அவரிட்ட நூறு கிடக்கும், எல்லாம் பாமினி ஒழுங்கு. இருபத்தைஞ்சு வருஷம் அடிச்ச விரல் வேற, என்ட விரலே இண்டைக்கும் 'இ'க்குக் கமாவைத்தான் தேடுது. சிங்களப் பக்கமும் இதே கதைதான், எஃப்எம் அபயா எண்ட பழைய சிங்கள ஃபொண்ட் போட்டுத்தான் தாங்கோ எண்டு கேக்கிற கடை இருக்கு. ஆகவே கடைக்காரரோட சண்டை வேண்டாம். உங்கட மூலப்பிரதி யுனிகோட்ல இருக்கட்டும், திருத்தம் எல்லாம் அதில செய்யுங்கோ, அச்சுக்குப் போற அண்டைக்கு அதில இருந்து பாமினிக்குத் திருப்பிக் குடுங்கோ. யுனிகோட்ல இருந்து பாமினிக்குப் போறது பள்ளத்தில தண்ணி போற மாதிரி, சந்தேகத்துக்கு இடமில்லை, எந்த 'ள' எண்டது ஏற்கெனவே தெரியும்தானே. பாமினில இருந்து இஞ்சால வாறதுதான் ஏத்தம்.

மியன்மார்க்காரரிட்ட இதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. அவையின்ட சௌஜி எண்ட ஃபொண்ட் யுனிகோட்டின்ட இலக்கங்களையே எடுத்துத் தன்ட ஒழுங்கில பாவிச்சது, அதால எது சரி எது பிழை எண்டு மெசினுக்கும் பிரிக்கக் கஷ்டம். 2019 ஒக்டோபர் 1ம் திகதியை ஒரு நாளா வைச்சு நாடே யுனிகோடுக்கு மாறத் தொடங்கிச்சினம். எங்கட பாமினி இங்கிலிஷ் எழுத்துக்குப் பின்னால ஒளிச்சது, அந்த அளவில நாங்கள் தப்பினம். இஞ்சயும் ரெங்கநாதன் கீபோர்டோட எஸ்எல்எஸ் 1326 எண்டு கொம்பியூட்டர்த் தமிழுக்கு ஒரு இலங்கைத் தரத்தை 2008ல போட்டாச்சு, அது பாமினி அடிக்கிற விரலுக்குப் பெரிய மாற்றமும் இல்லை. இருந்தும் ஒரு நாள் குறிச்சு மாறாதபடியா இண்டைக்கும் ஒற்றைக் கால் அங்க ஒற்றைக் கால் இஞ்ச.

நானே யுனிகோடுக்கு முழுசா மாறினது புத்தி வந்து இல்லை, ஒரு ஆளால. கண் தெரியாத ஒரு ஐயா, ஓய்வெடுத்த வாத்தியார், கடைக்கு வந்து ஃபோனை நீட்டினவர். ஒரு அரச அலுவலகத்தில இருந்து வட்ஸ்அப்ல வந்த தமிழ்ச் சுற்றறிக்கை, பிடிஎஃப். திரையில பார்க்க வடிவான தமிழ். அவர்ட ஃபோன் அதை வாசிச்சுக் காட்டினது, 'வை கியூ... இஃப்... வை கியூ... இஃப்' எண்டு. அவர் கேட்டார், தம்பி இது என்ன பாஷை எண்டு. நான் எடுத்துப் பார்த்தன், 'இலங்கை' எண்டு வாற இடமெல்லாம் அது 'இஃப்' எண்டு சொல்லிக்கொண்டு போகுது. அண்டைக்கு நான் அதை அவருக்கு இருந்து வாசிச்சுக் காட்டினன், நாலு பக்கம். அவர் போன பிறகு என்ட கொம்பியூட்டர்ல எத்தினை ஆயிரம் பக்கம் இப்பிடி 'இஃப்' எண்டு கிடக்குது எண்டு நினைச்சுப் பார்த்தன்.

உங்கட அப்பாட கோயில் வரலாறும் அந்தக் கணக்குத்தான். மாத்தித் திருத்தி முடிஞ்சா ஒரு கொப்பியை நூலகம் நிறுவனத்துக்குக் குடுக்கிறதைப் பற்றி யோசியுங்கோ, 2005ல இருந்து இலங்கைத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து இணையத்தில வைக்கிறவை. அச்சடிக்காத எழுத்து எண்டு வெக்கப்படாதேங்கோ, ஒரு ஊரைப் பற்றி ஒரே ஒரு ஆள்தான் எழுதியிருப்பார், அது அச்சில இருக்கோணும் எண்டில்லை. பாமினிப் பிடிஎஃபையும் சேர்த்துக் குடுங்கோ, ஆராவது பிறகு சந்தேகப்பட்டா பார்க்கலாம்.

கடைசியா, நீங்கள் ஒட்டின ரெண்டாவது வரி. அதைக் கையால மாத்திப் பார்த்தனான். 'தும்பி பின்னேரத்தில கேணியடிக்கு வரும்' எண்டு வருது. முதல் எழுத்துப் பெரிய ஜே. கேணியடி எண்டா தும்பி பறக்கிற இடம்தான், அப்பிடியே சரியா இருக்கலாம். அதே நேரம் பந்தித் தொடக்கம் எண்டபடியா வேர்ட் கை வைச்சிருந்தா அப்பா அடிச்சது 'தம்பி'. 'வரும்' எண்டு எழுதியிருக்கிறபடியா தும்பிதான் எண்டு ஒரு மனம் சொல்லுது, ஆனா ஊர்ப் பக்கம் செல்லமாக் கதைக்கேக்க சின்னத் தம்பியையும் வரும் போகும் எண்டுதானே சொல்லுவினம். இதை நானோ கன்வேர்ட்டரோ சொல்லேலாது தங்கச்சி. அப்பாவுக்கு இளைய சகோதரம் ஆரும் இருந்தவையோ? அம்மா இருந்தா ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ, கேட்டுப்போட்டு அடுத்த ரெண்டு வரியையும் இதுக்குக் கீழ ஒட்டி விடுங்கோ, பார்ப்பம்.